48கே ஸ்பெக்ட்ரம் விளையாட்டு: இலவசமாக விடுவதா, கேசட் பெட்டி போடுவதா?

இருபதாம்_வளைவு (அஸ்தம்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற 1980-களின் பிரிட்டிஷ் வீட்டுக் கணினிக்கு எழுதிய விளையாட்டு முடிகிற கட்டத்தில் இருக்கிறது. ஏற்காட்டில் காப்பி மூட்டை ஏற்றிய லாரியை 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். பிரேக் சூடேறும், பனி மறைக்கும், எதிரே பஸ் வரும். சி-யும் அசெம்பிளியும் கலந்து இசட்88டிகே என்ற கம்பைலர் தொகுப்பில் கட்டியது. லோடிங் ஸ்கிரீன் போக 38 கேபி. 128கே மாடலில் ஏஒய் ஒலிச் சிப் இசை உண்டு, 48கே மாடலில் பீப்பர் சத்தம் மட்டும்.

இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில் இலவசமாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். 50 கேசட் அடித்து, அட்டைப் பெட்டி, கையேட்டோடு விற்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். வெளிநாட்டுப் பதிப்பாளரிடம் தரலாம் என்றும் யோசனை. எது சரிப்படும்? எல்லாம் எமுலேட்டரில்தான் (பழைய மெஷின் மாதிரி நடிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்தது.

---

போர்ட்254 (சூரமங்கலம்)

கடைசி வரியில் சொன்னதுதான் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம் தம்பி. டவுன்லோடு ஃபைலில் பிழை இருந்தால் மறுநாள் புது ஃபைல் போடலாம். கேசட் கை மாறிவிட்டால் போனது போனதுதான். எமுலேட்டரில் நன்றாக ஓடி அசல் மெஷினில் கவிழ்கிற இடங்கள் இவை:

கீபோர்டு. போர்ட் 254-ல் படித்த பைட்டில் கீழ் 5 பிட் மட்டும்தான் சாவி. 6-ம் பிட் காது சாக்கெட், அது மதர்போர்டின் இஷ்யூ 2 பதிப்பில் ஒரு மாதிரியும் இஷ்யூ 3-ல் வேறு மாதிரியும் வரும். "எந்தச் சாவியும் அழுத்தவில்லை என்றால் 255" என்று சோதித்திருந்தால் சில மெஷினில் மெனுவே நகராது. 31 போட்டு ஆண்ட் செய்த பிறகு ஒப்பிடுங்கள்.

கெம்ப்ஸ்டன். ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் செருகாத மெஷினில் போர்ட் 31-ஐப் படித்தால் குப்பை வரும். லாரி தானாகப் பள்ளத்தில் பாயும். ஜாய்ஸ்டிக்கை மெனுவில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்தால் மட்டும் படியுங்கள்.

ஐஎம்2 இன்டரப்ட் (ஃபிரேமுக்கு ஒரு முறை நம் கோடை அழைக்கும் வழி). டேபிளில் ஒரே ஒரு வெக்டர் (தாவ வேண்டிய முகவரி) வைத்து, டேட்டா பஸ்ஸில் எப்போதும் 255 வரும் என்று நம்புவது பழைய வியாதி. எமுலேட்டர் ஒழுங்காக 255 தரும். பின்னால் ஏதாவது செருகிய அசல் மெஷின் தராது. 257 பைட்டும் ஒரே மதிப்பாக நிரப்பிய டேபிள்தான் பாதுகாப்பு. ஐ ரெஜிஸ்டரில் 64 முதல் 127 வரையான மதிப்பு வேண்டாம், திரையில் பனி கொட்டும். உங்கள் விளையாட்டில் பனி வேறு இருப்பதால் பிழை என்றே தெரியாமல் போகும்!

23296-ல் இருக்கும் பிரிண்டர் பஃபர். 48-ல் அது சும்மா கிடக்கிற 256 பைட். 128 பேசிக் அங்கேதான் தன் மாறிகளை வைக்கிறது. லோடு ஆகும்போது அங்கே எதையாவது எழுதினால் 128 செத்துப்போகும்.

நேரக் கணக்கு. 48-ல் ஒரு ஃபிரேம் 69,888 டி-ஸ்டேட் (பிராசசரின் கடிகாரச் சுற்று), 128-ல் 70,908. பார்டரில் (திரையின் ஓரப் பட்டை) வரி வரியாக நிறம் மாற்றுகிற வித்தை 48-க்கு மட்டும் அளந்து எழுதியிருந்தால் 128-ல் சாய்ந்து நிற்கும். ஃப்ளோட்டிங் பஸ்ஸை (திரை வரையும்போது டேட்டா பஸ்ஸில் தெரியும் மதிப்பு) படித்து ஒத்திசைக்கிற வழக்கமான முறை பிந்தைய மாடல்களான +2ஏ, +3 இரண்டிலும் வேலை செய்யாது.

ஆக, முதலில் இலவச பீட்டா, அதாவது சோதனைப் பிரதி. 48, 128, +2ஏ மூன்றும் வைத்திருக்கிற நாலு பேர் முழுக்க ஆடி முடிக்கட்டும். பெட்டியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

---

காப்பித்தூள் (ஏற்காடு)

பாதிதான் ஒத்துக்கொள்வேன். சோதனைக்குக் கொடுப்பது வேறு, பொதுவில் விடுவது வேறு. முழு விளையாட்டையும் இட்ச்-ல் வைத்துவிட்டுப் பிறகு பதிப்பாளரிடம் போனால், "ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறதே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. சோதனைப் பிரதியைப் பாஸ்வேர்டு பக்கத்தில் வைத்து ஆள் பார்த்துக் கொடுக்கலாம், இட்ச்-லேயே அந்த வசதி இருக்கிறது. பொதுவில் முதல் ஐந்து வளைவு மட்டும் டெமோ.

கேசட்டைப் பிரித்து விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் பிரிட்டன், ஸ்பெயின், கிழக்கு ஐரோப்பா. ஸ்பெக்ட்ரம் இந்தியாவுக்கும் வந்ததுதான், டெசிபெல்ஸ் நிறுவனம் 1980-களில் விற்றது. ஆனால் பள்ளிகளுக்கு 1984 கிளாஸ் திட்டத்தில் போனது பிபிசி மைக்ரோ. சேலத்தில் வேலை செய்கிற ஸ்பெக்ட்ரத்தை விரல் விட்டு எண்ணலாம்.

---

இருபதாம்_வளைவு

கீபோர்டு மாஸ்க் போட்டிருக்கிறது. ஐஎம்2 டேபிள் போர்ட்254 அண்ணா சொன்ன ஒற்றை வெக்டர்தான், மாற்றிவிடுகிறேன். கேசட் பக்கம் யாராவது சொல்லுங்கள். சி-10 (இரு பக்கமும் சேர்த்து 10 நிமிடம்) போதுமா? வேகமாக ஏற்றும் டர்போ லோடர் வைக்கலாமா?

---

ஃபெரிக் (ஏற்காடு)

டர்போ வேண்டாம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மெஷினின் ரோமிலேயே இருக்கிற சாதா லோடரில் 0 பிட்டுக்கு 855 டி-ஸ்டேட் துடிப்பு இரண்டு, 1 பிட்டுக்கு 1710 இரண்டு. 3.5 மெகாஹெர்ட்ஸில் 0 என்பது சுமார் 2,047 ஹெர்ட்ஸ், 1 என்பது அதில் பாதி. பிளாக்குக்கு முன் வரும் பைலட் டோன் 807. இந்த எல்லையைத் தேய்ந்த ஹெட்டும் தாண்டும். டர்போவில் அதிர்வெண் ஏறும், ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் உச்சி மழுங்கும், "ஆர் டேப் லோடிங் எரர்" வந்து நிற்கும். நாற்பது வருடப் பழைய பிளேயரில் ஓட்டப்போகிறவருக்கு விற்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நேரம்: சராசரி வேகம் நொடிக்கு 1,364 பிட். 38 கேபி-க்கு 3 நிமிடம் 48 நொடி. 6,912 பைட் லோடிங் ஸ்கிரீனுக்கு 40 நொடி. ஹெடர், பைலட், இடைவெளி எல்லாம் சேர்த்தால் 5 நிமிடத்தைத் தொட்டுவிடும். சி-10-ல் ஒரு பக்கம் 5 நிமிடம்தான், அதில் முதல் சில நொடி காந்தப் பூச்சே இல்லாத லீடர். பத்தாது. ஒன்று சி-15 வாங்குங்கள், இல்லையென்றால் இசட்எக்ஸ்0 என்ற சுருக்கும் கருவியில் சுருக்குங்கள். 38 கேபி 26-க்கு இறங்கினாலே ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம். விரிப்பதற்கு மெமரியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கிய தரவின் வாலும் விரிகிற தரவும் மோதினால் பாதி வரைபடத்தோடு லாரி நிற்கும்.

பதிவு செய்யும் முறை:

டேப்பின் பிரதியான டிஇசட்எக்ஸ் ஃபைலை 44,100 ஹெர்ட்ஸ் மோனோ வேவ் ஆக்குங்கள். எம்பி3 கூடவே கூடாது, துடிப்பின் விளிம்பையே அது கரைத்துவிடும். முன்னால் 8 நொடி மௌனம் சேர்த்தால் லீடர் பிரச்சினை தீரும். லேப்டாப்பில் ஈக்வலைசர், சரவுண்டு, நோட்டிஃபிகேஷன் சத்தம் எல்லாம் அணைத்து, ஒயரில் இணையுங்கள். புளூடூத் வேண்டாம். வாட்ஸ்அப் மணி ஒன்று நடுவில் விழுந்தால் செக்சம் தவறி அந்தப் பிளாக்கே போச்சு.

டெக்கில் டால்பி ஆஃப், பயாஸ் (டேப் வகைத் தேர்வு) நார்மல். டேப் வகை 1, அதாவது சாதா ஃபெரிக். குரோம் டேப் "உசத்தி" என்று வாங்கி நார்மல் பயாஸில் பதிந்தால் அளவு சரியாக விழாது. பதிவு அளவு மீட்டரில் 0 டிபி அருகே. கையால் அளவு வைக்க முடியாத, தானாகக் கூட்டிக் குறைக்கிற டேப் ரிக்கார்டர் மாஸ்டருக்கு ஆகாது. இடைவெளியில் இரைச்சலைத் தூக்கிவிட்டு, அடுத்த பைலட் வரும்போது பிதுக்கும்.

ஹெட் சாய்வைப் பழைய கம்பெனிக் கேசட் ஒன்றை வைத்துத் திருத்துங்கள், வீட்டில் பதிந்த டேப்பை வைத்து அல்ல. கோணலான டேப்புக்குத் தோதாகத் திருகினால் அடிக்கிற 50-ம் அதே கோணல். பதிகிற டெக்கிலேயே லோடு செய்து சரிபார்ப்பதும் அதே தப்பு. கோணல் டெக் தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும். வேறு பிளேயரில் சோதியுங்கள்.

இரண்டு பக்கத்திலும் ஒரே விளையாட்டு. ஒரு பக்கம் டிராப்அவுட் (சிக்னல் விடுபட்ட இடம்) இருந்தாலும் மறுபக்கம் கைகொடுக்கும். 50 கேசட், இரண்டு பக்கம், பக்கத்துக்கு 5 நிமிடம்: 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம். சரிபார்க்க இன்னொரு 8 மணி 20. இதைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைக்காதீர்கள். பதிந்ததும், மேலே வேறெதுவும் பதியாதபடி, கேசட் விளிம்பில் இரு பக்கக் காதையும் உடைத்துவிடுங்கள்.

காலி கேசட் பழைய ஸ்டாக்காகக் கிடைத்தால் நாலைந்தைப் பிரித்து, அழுத்தப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா, டேப்பில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காட்டு மழையில் அலமாரியில் வைத்தது எதுவும் பூக்கும். அடித்த பிரதிகளைச் சேலத்திலேயே ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சி-90-ஐ அறுத்துச் சின்னதாக்கும் யோசனை வேண்டாம், டேப் மெலிசு, இழுபடும்.

---

காப்பித்தூள்

கேசட்டுக்குப் பதில் பென் டிரைவ் போட்டால் இத்தனை பாடு இல்லையே?

---

ஃபெரிக்

இல்லைதான். ஆனால் பென் டிரைவில் இருப்பது இலவசமாகக் கிடைக்கிற அதே ஃபைல். காசு கொடுக்கிறவர் வாங்குவது அந்த "கீ...ர்ர்" சத்தத்தையும் பார்டரில் ஓடும் கோட்டையும்தான்.

---

குகை_அச்சு (குகை)

அச்சு வேலைக்கு என் பங்கு.

இன்லே (டப்பாவுக்குள் மடித்து வைக்கும்) அட்டை: உயரம் 101 மிமீ, முன்பக்கம் 65, முதுகு 12.5, பின்மடிப்பு 16. சுற்றி 3 மிமீ பிளீடு (வெட்டுக்கு விடும் ஓரம்). 200 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு போதும். அதற்கு மேல் போனால் டப்பா மூடாது. மடிப்பில் கிரீசிங் போடச் சொல்லுங்கள். கறுப்பு சாலிட் மடிப்பில் வந்தால் மை வெடித்து வெள்ளை தெரியும், மேட் லேமினேஷன் போட்டால் குறையும்.

படம்: ஸ்பெக்ட்ரம் திரை 256 × 192. இதை மும்மடங்காக, ஸ்மூத்திங் இல்லாமல் பெருக்கி 300 டிபிஐ-யில் வைத்தால் அகலம் சரியாக 65 மிமீ வரும், உயரம் 49. இன்லே முன்பக்கத்துக்கு அளந்து வைத்த மாதிரி. இரண்டரை மடங்கு என்று போனால் சில பிக்சல் தடிக்கும், சில மெலியும். நிறம்: திரையில் பளீர் என்று இருக்கிற பச்சையும் நீலமும் சிஎம்ஒய்கே-யில் (அச்சின் நாலு நிற மை) மங்கும். மெஜந்தாவும் சயானும் மையிலேயே இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். அட்டைப்படத்தை அவற்றைச் சுற்றி அமைத்தால் புத்திசாலித்தனம். மலைக்குச் சயான், சாயங்கால வானத்துக்கு மெஜந்தா.

தமிழ்: கையேட்டை யூனிகோடில் அடித்து அப்படியே ஃபைலாகக் கொடுக்காதீர்கள். பல அச்சகங்களில் பழைய பேஜ்மேக்கர், கோரல் டிரா, பாமினி வகை எழுத்துருதான் ஓடுகிறது. "கொண்டை"யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். எழுத்தையெல்லாம் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுத்து, ஒரு பிரதி எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

50 பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. நாலு நிறத்துக்கு நாலு பிளேட் போட்டே ஆக வேண்டும், 50 அடித்தாலும் 1,000 அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். டிஜிட்டல் பிரிண்ட் எடுங்கள். வெளிப்பெட்டிக்கும் இதே கதை. டை (அட்டை வெட்டும் அச்சு) செய்ய 3,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் 30 பெட்டிக்குத் தலைக்கு 100, 100 பெட்டிக்குத் தலைக்கு 30. இதைத் தவிர்க்க ஒரு வழி: செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக்குப் பெட்டி போட்டுக் கொடுக்கிறவர்களிடம் இருக்கிற அளவில் கேளுங்கள். கேசட் டப்பா சுமார் 109 × 70 × 17 மிமீ. உள்ளளவு அதைவிட ஒன்றரை மிமீ கூட இருந்தால் போதும். அச்சடித்த ஸ்லீவ் மட்டும் மேலே சுற்றினால் டை செலவே இல்லை. எதுவானாலும் வெள்ளை அட்டையில் ஒரு டம்மி செய்து, கையேட்டோடு உள்ளே வைத்து மூடிப் பார்த்த பிறகுதான் மொத்தமும்.

பெட்டியில் சின்க்ளேர் லோகோவும் வானவில் பட்டையும் போடாதீர்கள். உரிமை ஆம்ஸ்ட்ராட் வழியாக ஸ்கை நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. "48கே ஸ்பெக்ட்ரத்தில் இயங்கும்" என்று சாதா எழுத்தில் போட்டால் போதும்.

---

வரவுசெலவு (ஃபேர்லேண்ட்ஸ்)

இலவசமா விலையா என்பதைவிட, டவுன்லோடா பொருளா என்பதுதான் வரியில் பெரிய வித்தியாசம்.

டவுன்லோடு சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை, வெளி மாநிலத்துக்கு விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது. கேசட் பெட்டி சரக்கு. சரக்கு மட்டுமே, அதுவும் தமிழ்நாட்டுக்குள் விற்கிறவரை 40 லட்சம் எல்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் அது மாநிலம் தாண்டிய சரக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ம் பிரிவின்படி வரவு எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். "பத்து கேசட்தானே" என்று ஆரம்பித்து இங்கேதான் மாட்டுகிறார்கள். உங்கள் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குச் சரக்காக அனுப்ப ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி) எண் வேண்டும். 500 ரூபாய் கட்டணம், ஆன்லைனில் எடுக்கலாம், வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதி செய்ய வேண்டும். தபால் வழி ஏற்றுமதிக்கு அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா இருக்கிறது. 2 கிலோ வரை இன்டர்நேஷனல் டிராக்டு பாக்கெட் போதும். கஸ்டம்ஸ் படிவத்தில் "கிஃப்ட்" என்று எழுதாதீர்கள், விற்ற பொருளுக்கு அது பொய்க் கணக்கு. "கணினி விளையாட்டு, ஆடியோ கேசட்" என்று எழுதி உண்மை விலையைப் போடுங்கள்.

அந்தப் பக்கத்து வரி: ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 ஜூலை 2021 முதல் எவ்வளவு சின்னப் பொருளுக்கும் வாட் உண்டு. பிரிட்டனில் 135 பவுண்டு வரை வாட்டை விற்கிறவரே வசூலித்துக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 29 ஆகஸ்ட் 2025-ல் போய்விட்டது. 50 கேசட்டுக்கு இத்தனை தலைவலி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வாங்குவது: பேபால் 1 ஏப்ரல் 2021 முதல் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டவர் மட்டும் அதில் தரலாம். உள்ளூருக்கு யூபிஐ. இட்ச்-ல் "விருப்பமிருந்தால் கொடு" என்று வைக்கலாம், தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே மாற்றலாம். மாற்றாவிட்டால் 10.

முன்பதிவு என்று பணம் வாங்கி வைக்காதீர்கள். பெயர் மட்டும் குறித்துக்கொண்டு, கேசட் அடித்துச் சோதித்த பிறகு வாங்குங்கள்.

---

நாலுரோடு

உரிமம் பற்றி யாரும் பேசவில்லை. இலவசம் என்பதும் உரிமை துறப்பதும் ஒன்றல்ல. ஜிப்-க்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இல்லாவிட்டால் எவராவது கேசட் அடித்து ஈபேயில் விற்றுவிட்டு "சும்மாதானே கிடந்தது" என்பார்கள். மாற்றாமல், காசு வாங்காமல் பகிரலாம், கேசட்டாக விற்க அனுமதி இல்லை என்று நாலு வரி எழுதுங்கள். மூலக்கோடைத் திறந்துவிட ஆசையென்றால் யோசித்துச் செய்யுங்கள். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் போட்டால் பிறர் விற்பதைத் தடுக்க முடியாது. கோடுக்கு ஒரு உரிமம், படத்துக்கும் இசைக்கும் வேறு உரிமம் என்று பிரிப்பது நல்லது.

ஏஒய் இசை யாருடையது? சினிமாப் பாட்டைச் சிப்டியூன் (ஒலிச் சிப் இசை) ஆக்கியிருந்தால் இலவச வெளியீட்டிலும் தப்பு. இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நிற்கும். வேறொருவர் டிராக்கர் மாட்யூலை (இசைக் கோப்பு) எடுத்திருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அதில் "கேசட் விற்பனைக்கும்" என்ற சொல் இருக்கட்டும். எமுலேட்டரைக் கூடவே வைத்து விற்க வேண்டாம். ஸ்பெக்ட்ரம் ரோமை எமுலேட்டரோடு பகிர ஆம்ஸ்ட்ராட் 1999-ல் சம்மதித்தது, ரோமுக்குக் காசு வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பதிப்பாளரிடம் கொடுத்தால் ஒப்பந்தத்தில் பாருங்கள்: கேசட் உரிமை மட்டுமா, டிஜிட்டலும் சேர்த்தா, எத்தனை வருடம், ஸ்டாக் தீர்ந்து மறுபடி அடிக்காவிட்டால் உரிமை உங்களுக்குத் திரும்புமா, பிரதிக்கு எவ்வளவு, எப்போது, உங்களுக்கு எத்தனை இலவசப் பிரதி. "எல்லா வடிவத்திலும், என்றென்றும்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

---

இருபதாம்_வளைவு

இசை நண்பர் ஒருவருடையது, கேசட்டுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுகிறேன். எல்லாம் படித்த பிறகு என் திட்டம்: பாஸ்வேர்டு பக்கத்தில் பீட்டா. பிழை ஓய்ந்ததும் முழு விளையாட்டும் இட்ச்-ல், விருப்ப விலை. கேசட் 25 மட்டும், தமிழ்நாட்டுக்குள், ஸ்லீவ் சுற்றிய பெட்டியில், இசட்எக்ஸ்0-வில் சுருக்கி, சி-15 கிடைக்காவிட்டால் சி-10. வெளிநாட்டுக் கேசட் உரிமையை மட்டும் அங்கேயே இருக்கிற பதிப்பாளரிடம் கேட்பது, டிஜிட்டல் என்னிடமே.

---

காப்பித்தூள்

பதிப்பாளர் கடிதத்தை இட்ச் வெளியீட்டுக்கு முன்னால் அனுப்புங்கள். இல்லை என்று பதில் வந்தால் நஷ்டமில்லை. மற்றதெல்லாம் சரி.

---

வரவுசெலவு

தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. பெட்டியில் விலை, தயாரித்த மாதம், பெயர், முகவரி கேட்பார்கள், 2011 பொட்டலப் பொருள் விதிப்படி. வீட்டு முகவரியை அச்சடிக்கத் தயங்கினால் முதலிலேயே அதற்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள், ஸ்லீவ் அடித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பார்சலுக்கு 3 பிளை அட்டைப்பெட்டி. வெறும் கவரில் போட்டால் கேசட் டப்பாவின் கீல் உடைந்துதான் போய்ச் சேரும்.

---

போர்ட்254

வெர்ஷன் எண்ணை இன்லேயில் அச்சடிக்காதீர்கள், மெனுவின் ஓரத்தில் காட்டுங்கள். அடுத்த தவணை 25 திருத்திய கோடோடு அடித்தாலும் மிச்சமிருக்கிற அட்டை வீணாகாது.

---

இருபதாம்_வளைவு

கேசட் வாங்கியவருக்குத் திருத்திய ஃபைல் எப்படிப் போகும்? க்யூஆர் கோடு இன்லேயில் போடலாமா?

---

குகை_அச்சு

இன்லேயில் வேண்டாங்க, லிங்க் மாறினால் அட்டை முழுக்கப் பாழ். விசிட்டிங் கார்டு அளவில் தனிச் சீட்டாக அடித்துக் கையேட்டுக்குள் செருகுங்கள். 90 × 50 மிமீ என்றால் வெட்டச் சுலபம், ஆனால் ஒரு ஏ3 தாளில் 24 சீட்டுக்கு மேல் அடங்காது, 25-க்கு இரண்டு தாள் ஆகும்.